மாமாவின் கொடுத்துவைத்த தூக்கம்

என் அக்காவின் கணவரை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கொடுத்துவைத்தவர் என்பார்கள். சொத்து சுகத்துக்காக அல்ல, தூக்கத்துக்காக. தலையணையில் தலை படுவதற்கு முன்பே அவருக்குக் குறட்டை வந்துவிடும். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே தூங்கியவர் அவர். முடிவெட்டும் கடையில் கண்ணயர்ந்து தலை சாய்ந்ததில், ஒரு பக்கக் கிருதாவைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்ற கதையும் உண்டு. நானோ படுத்தால் போதும், பத்து வருடத்துச் சண்டையெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். அவற்றுக்கெல்லாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் மாமா தூங்குவதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

மாமா ரயில் ஓட்டுநர். இரவு மெயில் அவருடைய வண்டி. மாலையில் கிளம்பினால் விடியும்போது மறுகோடியில் இருக்கும் பெரிய ஊருக்குப் போய்ச் சேர்வார். அங்கே ஓட்டுநர்களுக்கும் கார்டுகளுக்கும் என்று ரயில்வே கட்டிய விடுதி இருக்கிறது. பகலெல்லாம் அங்கே தூங்கிவிட்டு, இரவு அதே வண்டியை ஓட்டிக்கொண்டு காலையில் வீடு திரும்புவார். மெயில் வண்டியை எல்லோர் கையிலும் கொடுத்துவிட மாட்டார்கள். சரக்கு வண்டி, பாசஞ்சர் என்று படிப்படியாக ஏறி, ஒரு குற்றம் குறை இல்லாமல் வந்தவருக்குத்தான் அது. அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும். தெருவில் யாராவது தெரியாத்தனமாக, “நேத்து மெயில் லேட்டாமே?” என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கவில்லை, அது யாருடைய தப்பு என்று நடுத்தெருவில் நிற்கவைத்துப் பாடம் எடுத்துவிடுவார்.

கீழ்வீட்டில் அக்காவும் மாமாவும் அவர்கள் மகளும். மாடியில் நான், என் தையல் மிஷின். பேன்ட் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, ஜன்னல் திரை தைப்பது என்று அக்கம்பக்கத்து வேலையெல்லாம் என்னிடம் வரும். பகலில் மிஷினை மிதித்தால்தான் என் பிழைப்பு ஓடும். பகலில் தூங்கினால்தான் மாமாவின் வண்டி ஓடும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அக்காவுக்கும் நடந்த சண்டைகளுக்குக் கணக்கே கிடையாது. “கொஞ்ச நேரம் நிறுத்தினா உன் ஊசி துருப்பிடிச்சிடுமா?” என்பாள். “கொஞ்ச நேரம் சத்தம் கேட்டா உன் வீட்டுக்காரர் கரைஞ்சிடுவாரா?” என்பேன். இரண்டுமே ரகசியக் குரலில்தான்.

ஏனென்றால் அந்த வீட்டில் பகல் என்பதே ரகசியக் குரல்தான். அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கி வைத்திருந்தோம். கதவுக் கீல்களுக்கு என் மிஷின் எண்ணெய். குக்கருக்குப் பகலில் தடை. மாமாவின் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணியை இரட்டை மடிப்பாக வைத்து நான்தான் திரை தைத்துக் கொடுத்தேன். உச்சிவெயிலிலும் உள்ளே கையை நீட்டினால் கை தெரியாது. அக்கா மகள் பேசக் கற்றுக்கொண்டதே கிசுகிசுப்பில். பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு, பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது. குறட்டை கேட்கிறவரை நடமாடலாம், பாத்திரம் கழுவலாம், நான் மிஷினைக்கூட மெதுவாக மிதிக்கலாம். குறட்டை சட்டென்று நின்றால், தூக்கம் லேசாகிவிட்டது, எந்த நிமிடமும் விழித்துக்கொள்வார் என்று பொருள். யார் எங்கே இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். அக்கா கையில் தட்டோடு நிற்பாள். சின்னது ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்கும். நான் மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்துவிடுவேன். சற்று நேரத்தில் ‘கர்ர்ர்’ என்று ஒரு பெரிய இழுப்போடு குறட்டை மறுபடி கிளம்பும். அப்பாடா என்று மூச்சை விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். சின்னதுக்கு அது ஒரு விளையாட்டு. அசைந்துவிட்டவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துச் சிரிக்கும், அதுவும் சத்தமில்லாமல்.

இவ்வளவு தூங்கியும் மாமாவுக்கு உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை என்று தொடங்கியது, இரண்டாகி மூன்றானது. சர்க்கரையும் எட்டிப் பார்த்தது. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தால் தலையைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார். மூக்கின் மேல் கோபம். சீருடைச் சட்டையின் காலரை ஒவ்வொரு வருடமும் நான்தான் பிரித்துத் தளர்த்திக் கொடுப்பேன். “மாமா, முதல்ல கழுத்து எங்க இருக்குன்னு காட்டுங்க, அப்புறம் அளவெடுக்கிறேன்” என்று கிண்டல் செய்வேன். டாக்டரிடம் போனால் உப்பைக் குறைக்கச் சொல்வார், கவலையைக் குறைக்கச் சொல்வார். தூக்கம் எப்படி என்று கேட்டால் மாமாவே பெருமையாகச் சொல்லிவிடுவார்: “அதுல ஒரு குறையும் இல்ல சார். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்.”

ஓட்டுநர் விடுதியிலும் அவர் தூக்கம் பிரசித்தம். அங்கே அவருக்குப் பெயரே ‘டீசல்’. “எஞ்சின் எல்லாம் கரண்டுக்கு மாறிடுச்சு, இவன் மட்டும் இன்னும் டீசல்லயே ஓடுறான்” என்று சிரிப்பார்களாம். மற்றவர்கள் இரண்டு பேருக்கு ஓர் அறையில் படுப்பார்கள். மாமாவுக்கு மட்டும் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய தனி அறை. யாரும் சொல்லாமலே அந்த அறையை அவருக்கென்று விட்டுவிடுவார்கள். அவருக்கும் மரியாதை, மற்றவர்களுக்கும் நிம்மதி. இந்த ஏற்பாட்டில் யார் மேலும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்பாகத்தான் செய்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அந்தப் பின்னறையின் கூரை ஒழுகியது. கட்டில் நனைந்துவிட்டது. மாமாவை வேறு அறையில் போட வேண்டியதாயிற்று. டீசலோடு படுக்க யார் வருவார்கள்? அந்தத் தடத்துக்குப் புதிதாக மாறுதலாகி வந்திருந்த ஒரு கார்டு, விவரம் தெரியாமல் தலையாட்டிவிட்டார். கார்டு என்றால் வண்டியின் கடைசிப் பெட்டியில் இருப்பவர்; அவர் கொடி காட்டினால்தான் ஓட்டுநர் வண்டியை எடுக்க முடியும்.

மறுநாள் காலை மாமா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அந்தக் கார்டைத் திட்டத் தொடங்கினார்.

“பைத்தியம் பிடிச்ச ஆளு. நல்லா தூங்கிட்டு இருக்கேன், தோளைப் பிடிச்சு உலுக்குறான். ஒரு தடவ இல்ல, பகலெல்லாம் இதே வேலை. கேட்டா, நீங்க மூச்சு விடல சார்ங்கறான். மூச்சு விடாதவன் எப்படிடா உன்னோட பேசுறேன்னு கேட்டேன்.”

எனக்கும் கோபம் வந்தது. தூங்குகிறவரை எழுப்புவது எங்கள் வீட்டில் மன்னிக்கவே முடியாத குற்றம். “நீங்க ஏன் மாமா சும்மா விட்டீங்க?” என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லி முகம் தெரியாத அந்த மனிதரை அக்காவும் நானும் கழுவிக் கழுவி ஊற்றினோம். மாமா சாப்பிட்டுவிட்டுக் கறுப்புத் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தார். உடனே குறட்டை.

நண்பகலில் வாசல் கதவை யாரோ விரலால் மெதுவாகத் தட்டினார்கள். திறந்தேன். ஒல்லியாக, நெட்டையாக ஒருவர். நரைத்த தலை, சிவந்த கண்கள்.

“டீசல்... இல்ல, டிரைவர் வீடு இதுதானே? நான் கார்டு.”

“ஓ, தூங்குறவங்கள உலுக்கி எழுப்புற கார்டு நீங்கதானா? அங்க எழுப்பினது போதாதுன்னு வீட்டுக்கே வந்துட்டீங்களா? உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?”

ரகசியக் குரலில் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதிக் கோபம் வெறும் காற்றாகவே போய்விடுகிறது. அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு அவரும் ரகசியக் குரலிலேயே பேசினார்.

“எழுப்ப வரல தங்கச்சி. அவரு முழிச்சிருந்தா நான் சொல்றத காதுலயே போட்டுக்க மாட்டாரு. தூங்கும்போது வந்தாத்தான் உங்களுக்குக் காட்ட முடியும். அஞ்சு நிமிஷம். அவரு சம்சாரத்தையும் கூப்பிடுங்க.”

அவரும் அதே வண்டியில்தான் இரவெல்லாம் கண்விழித்துத் திரும்பியிருந்தார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. அவருக்கும் அது தூங்க வேண்டிய நேரம். அந்தத் தூக்கத்தை விட்டுவிட்டு, விலாசம் விசாரித்துக்கொண்டு, திட்டு வாங்குவதற்கென்றே எங்கள் வாசலுக்கு வந்திருந்தார்.

அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். மூன்று பேரும் மாமாவின் அறை வாசலில் நின்றோம். கதவைத் திறந்ததில் உள்ளே கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. குறட்டை ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தீர்களா, எப்படித் தூங்குகிறார் என்பது மாதிரி நான் கார்டைப் பார்த்தேன். குறட்டை நின்றது. அக்கா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நானும் அசையவில்லை.

கார்டு தன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினார். நொடி முள் போய்க்கொண்டே இருந்தது.

“ஏன் ரெண்டு பேரும் சிலை மாதிரி நிக்கிறீங்க?”

“முழிச்சிக்கப் போறாரு” என்றாள் அக்கா, உதட்டை மட்டும் அசைத்து.

“முழிக்கலம்மா. மூச்சு விடல. நெஞ்சு கிடந்து எத்துது பாருங்க. காத்து உள்ள போகல.”

நான் பார்த்தேன். மாமாவின் நெஞ்சும் வயிறும் எதையோ தள்ளப் பார்ப்பது மாதிரி எம்பின. வாய் திறந்திருந்தது. ஆனால் சத்தமில்லை, மூச்சில்லை. முள் அரைச் சுற்றைத் தாண்டிவிட்டது. அப்போது ‘கர்ர்ர்’ என்று அந்தப் பெரிய இழுப்பு வந்தது, உடம்பே தூக்கிப்போட்டது. வழக்கமாக அந்த இடத்தில் நாங்கள் அப்பாடா என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அன்று யாருக்கும் காலே எழவில்லை. அந்த மனிதர் மூச்சுக்குத் தவித்த நேரங்களில்தான், அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அத்தனை அக்கறையோடு நாங்கள் அசையாமல் நின்றிருக்கிறோம்.

“உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன். குரலில் இருந்த சண்டை எங்கேயோ போய்விட்டது.

“நான் கார்டு தங்கச்சி. வண்டி ஓடுற சத்தம் எனக்குக் காதுலயே விழாது, சத்தம் நின்னாத்தான் திடுக்குனு இருக்கும். நடுவழியில வண்டி நின்னா இறங்கிப் போய்ப் பாக்க வேண்டியவன் நான்தானே. பழகிப்போச்சு. நேத்து இவரு குறட்டையில நல்லாத்தான் கண்ணசந்தேன். சத்தம் நின்னுச்சு, எழுந்து உக்காந்துட்டேன்.”

அவர் ரகசியக் குரலில்தான் சொன்னார். ஆனால் அக்கா சத்தமாகவே விம்மிவிட்டாள். மாமா விழித்துக்கொண்டார். தலைமாட்டில் மூன்று பேர் நிற்பதைப் பார்த்து, அதில் ஒருவர் அந்தக் கார்டு என்று தெரிந்ததும், எழுந்த வேகத்தில் கட்டிலே ஆடியது. அந்த வீட்டில் பகல் நேரத்தில் யாரும் கத்தி நான் கேட்டது அன்றுதான் முதல்முறை.

“என் பொழப்புல மண்ணப் போடவே வந்தியாய்யா? இத ஆபீஸ்ல சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? எஞ்சின்லேருந்து இறக்கிடுவாங்க. அதோட நான் முடிஞ்சேன்.”

“தெரியும். நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல சார். நாளைக்குச் சாயங்காலம் மறுபடி நீங்க வண்டி எடுக்கணும். அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். முதுகுக்குப் பின்னால இல்ல, உங்க மூஞ்சிக்கு நேரா இப்பவே சொல்லிட்டேன்.” வாசல்வரை போனவர் திரும்பினார். “அந்த வண்டியோட கடைசிப் பெட்டியில நான்தான் சார் இருக்கேன். எனக்கு முன்னால எல்லாப் பெட்டியிலயும் ஜனங்க தூங்குறாங்க.”

அன்றைய மிச்சப் பொழுதும் மறுநாள் பகலும் மாமா வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். படுத்தார், ஆனால் குறட்டை வரவில்லை. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எஞ்சின் இல்லாத மாமாவை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அக்கா மட்டும் அவர் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மாமா சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டார். வண்டிக்குப் போகத் தீர்மானித்துவிட்டார் என்று தெரிந்தது. அக்கா அவர் சட்டைப் பட்டனைத் தானே போட்டுவிட்டாள். போட்டுக்கொண்டே, ஏதோ சாப்பாட்டைப் பற்றிக் கேட்பது மாதிரி கேட்டாள்.

“ஏங்க, வண்டியில தூங்கியிருக்கீங்களா?”

மாமா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் அங்கே நிற்பது அவருக்கு உறைக்கவே இல்லை என்று நினைக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“விடியக்காலையில ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். மெயில் அங்க நிக்காது. போன வாரம் ஒருநாள், அது இன்னும் வரலையேன்னு பாத்துட்டு இருந்தேன். பாத்தா அதுக்கு அடுத்த ஸ்டேஷன் வந்திடுச்சு.” உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “எஞ்சின்ல ஒரு பட்டன் இருக்கு. மணி அடிக்கும்போதெல்லாம் அமுக்கணும், இல்லாட்டி வண்டி தானா நின்னுடும். அமுக்கியிருக்கேன். கை அமுக்கியிருக்கு. எனக்கு ஞாபகம் இல்ல. சிக்னல் எல்லாம் பச்சையா இருந்ததால...”

அவர் எழுந்து போனை எடுத்தார். ஓட்டுநர்களுக்கு வண்டி ஒதுக்கும் அலுவலகத்தைக் கூப்பிட்டு, தன் பெயரையும் எண்ணையும் சொல்லி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். “இன்னிக்கு நான் மெயில் எடுக்கல. வேற ஆளப் போடுங்க. லீவு இல்ல. உடம்புக்கு முடியல. தூக்கத்துல கோளாறு. அப்படியே எழுதிக்கோங்க.” போனை வைத்துவிட்டுச் சீருடையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார். ஏன் என் கையில் கொடுத்தார் என்று தெரியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் தூக்கத்துக்கென்றே ஒரு டாக்டரம்மா இருந்தார். எனக்கு அது அதுவரை தெரியாது. மாமாவின் தலை, நெஞ்சு, விரல் எல்லாம் வயர் ஒட்டி ஓர் இரவு தூங்கவைத்தார்கள். மறுநாள் எங்களை உட்காரவைத்து, ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

“இவரு தூங்குறாருன்னு நீங்க நினைச்சிருக்கீங்க. இவரு தூங்கவே இல்ல. தூங்கினதும் தொண்டை தளர்ந்து வழி அடைச்சிக்குது. காத்து நின்னதும் மூளை பதறி எழுப்புது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. விடிய விடிய இதேதான். எழுப்புனது அவருக்கே ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் எகிறுது, இதயம் அடி வாங்குது. படுத்த உடனே தூங்குறது கொடுத்துவெச்சது இல்ல, உடம்பு அவ்வளவு பட்டினி கிடக்குதுன்னு அர்த்தம்.”

“நான் பகல்ல தூங்குறேனே, அதனாலயா டாக்டர்?” என்று மாமா கேட்டார்.

“அது தனிக் கதை. அதுவும் இதோட சேர்ந்துக்கிச்சு. எல்லார் உடம்புக்குள்ளயும் ஒரு கடிகாரம் இருக்கு. வெளிச்சத்தைப் பாத்துத்தான் அது நேரத்தைச் சரி பண்ணிக்கும். ராத்திரி உங்க வயிறு, ஈரல் எல்லாம் கடையச் சாத்துற நேரத்துல நீங்க சாப்பாட்டை அனுப்புறீங்க. பகல்ல உடம்பு விழிச்சிருக்கிற நேரத்துல திரையப் போட்டுத் தூங்கச் சொல்றீங்க. ஏதோ தூங்கும், ஆனா குறைச்சலாத்தான் தூங்கும். சர்க்கரை ஏறினதுக்கு அதுக்கும் பங்கு இருக்கு. மூச்சுக்கு நான் மிஷின் தரேன். அந்தக் கடிகாரத்துக்கு என்கிட்ட மிஷின் கிடையாது.”

மிஷின் என்றால் சின்ன ரேடியோப் பெட்டி அளவு. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். அது விடாமல் காற்றைத் தள்ளித் தொண்டையை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுமாம். முதல் வாரம் மாமா அதோடு மல்லுக்கட்டினார். தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்தார். மாஸ்க்கின் பட்டை கன்னத்தை அறுக்கிறது என்றார். சின்னது அவரை யானை என்றது. நான் பட்டையை வாங்கிப் போய், பழைய பனியன் துணியைச் சுற்றித் தைத்து, தலையின் பின்பக்கம் வரும் கொக்கியை இடம் மாற்றிக் கொடுத்தேன். அவர் சீருடையில் நான் செய்த வேலைகளுக்கெல்லாம் சேர்த்து வாங்காத நன்றியை அந்த ஒரு பட்டைக்கு வாங்கிவிட்டேன்.

ஒருநாள் காலை. எஞ்சினிலிருந்து இறக்கி, அலுவலகத்தில் பகல் வேலை கொடுத்திருந்ததால் மாமா இரவில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. என்னவோ ஏதோ என்று பயந்துபோய் இறங்கி வந்தேன்.

“என்ன மாமா? உடம்புக்கு என்ன?”

“தெரியல. தலை வலிக்கல.”

“அதுக்கு ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?”

“எல்லாருக்கும் தலைவலியோடதானே முழிப்பு வரும்?” என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். “உனக்கு வராதா?”

உள்ளே ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். சின்னது எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, “யாராச்சும் ஏதாச்சும் பேசுங்க” என்று முழுத் தொண்டையில் கத்தியது. நாங்கள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அதன்பிறகு மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சர்க்கரை அடங்கியது. காலை வெயிலில் அலுவலகத்துக்கு நடந்தே போனார், இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்தார். நான் தளர்த்திய காலரை நானே பிடிக்க வேண்டி வந்தது. மூச்சு மிஷினுக்குள் ஒரு சின்ன சிப் இருந்து, அவர் எவ்வளவு நேரம் மாஸ்க் போட்டுத் தூங்கினார் என்று பதிந்துகொண்டே இருந்தது. அதையெல்லாம் பார்த்து, பலமுறை சோதித்துவிட்டு, ரயில்வே மருத்துவக் குழு கடைசியில் முடிவு சொன்னது. மறுபடி எஞ்சினில் ஏறலாம். ஆனால் பகல் வண்டி மட்டும்தான்.

பகல் வண்டி என்றால் பாசஞ்சர். கண்ணில் படுகிற எல்லா ஸ்டேஷனிலும் நிற்பது. மெயில் ஓட்டியவருக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. “நின்னு நின்னு போற வண்டி” என்று ஒருநாள் முழுக்க முணுமுணுத்தார். மறுநாள் சாயங்காலம் அந்தக் கார்டு வீட்டுக்கு வந்தார். இப்போது அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுகிறவளே நான்தான். டீயைக் குடித்துவிட்டு, “நானும் அந்த பாசஞ்சருக்கே எழுதிக் கொடுத்திட்டேன் சார். எனக்கும் வயசாச்சு, ராத்திரி ஒத்துக்கல” என்றார். மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரிய்யா, கொடிய ஒழுங்கா காட்டு” என்றார். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது. அந்த மனிதருக்கு எங்கள் குடும்பம் எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வார்த்தையில் ஆரம்பித்தால் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிடுகிறார்.

மாமா பாசஞ்சரை எடுத்த முதல் நாள், அக்காவும் நானும் அதில் ஏறினோம். மூன்று ஸ்டேஷன் தள்ளி இறங்கி, எதிர்வண்டியில் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. அக்காவுக்கு ஜன்னலோர இருக்கை. வண்டி கிளம்பியதே தெரியவில்லை, அவ்வளவு பதமாக எடுத்தார். நான் பெருமையாக ஏதோ சொல்லத் திரும்பினால், அக்காவின் தலை என் தோளில் சாய்ந்திருந்தது.

மாமாவின் தூக்கத்தை வயர் ஒட்டி அளந்தார்கள். அக்காவின் தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நான் உள்பட. மெயில் ஓடிய அத்தனை இரவும் அவள் தலையணைக்கடியில் போனை வைத்துக்கொண்டு, எங்கேயோ வண்டி ஊதினால்கூட எழுந்து உட்கார்ந்திருந்தவள். பகலில் அவருடைய தூக்கத்துக்குக் காவல். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி அயர்ந்து நான் பார்த்ததே இல்லை. புருஷன் ஓட்டுகிற வண்டியில், நல்ல வெளிச்சத்தில், அத்தனை கூட்டத்தில், குழந்தை மாதிரி தூங்கினாள்.

நாங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது. போனது. அடுத்ததும் போனது. என் தோள் மரத்துப்போயிருந்தது. அதற்கடுத்த ஸ்டேஷனில் கார்டு நடைமேடையில் எங்கள் ஜன்னல்வரை நடந்து வந்தார்.

“நீங்க எங்க இறங்கணும்?”

“ரெண்டு ஸ்டேஷனுக்கு முன்னாடியே.”

“எழுப்பலையா?”

“மனசு வரலண்ணே.”

அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். ஜன்னலின் ஓரத்தை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.

“தூங்கட்டும்மா. வண்டிய அவரு பாத்துக்குவாரு” என்று சொல்லிவிட்டு, தன் கடைசிப் பெட்டியை நோக்கித் திரும்பி நடந்தார்.